சிறுநீரகத்தில் ஏது காயம்?

சேலம் லீ பஜாரில் மண்டி வைத்திருக்கும் என் சித்தப்பா போன வாரம் ஒரு துண்டறிக்கையை நீட்டினார். எலிகளால் பரவும் ஹன்டா வைரஸ் 'கடுமையான சிறுநீரகக் காயத்தை' உண்டாக்குமாம். "ஏன்டா தம்பி, எலி கடிச்சா கிட்னியிலயா காயமாகும்?" என்று கேட்டார். இந்த மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

ஆங்கில மூலம் 'அக்யூட் கிட்னி இன்ஜுரி'. இன்ஜுரிக்கு வேர் லத்தீன் இன்யூரியா. அநீதி, தீங்கு என்று பொருள். அடிபடுவது அதில் ஒரு வகைதான். நம் காயமோ அடி, வெட்டு, கடி, சூடு என்று ஏதாவது படாமல் வராது. 'உள்காயம் என்கிறோமே' என்பார்கள். விழாமல், இடிபடாமல் யாருக்காவது உள்காயம் பட்டதுண்டா? ஹன்டா பெரும்பாலும் கடியால் வருவதில்லை. எலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து, தூசியோடு மூச்சில் ஏறுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், சிறுநீரில் புரதம் இறங்கும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறும். தொற்றின் தொடக்கத்தில் உடல் உண்டாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று சோதித்து நோயை உறுதி செய்வார்கள். காயம் என்று எழுதினால் படிப்பவர் கடித்த தடத்தைத் தேடுவார், தூசியை விட்டுவிடுவார்.

'கடுமையான' என்பதும் தப்பு. அக்யூட் இங்கே வேகத்தைக் குறிக்கிறது. 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலே இந்தப் பெயர்தான். லேசானதும் இதில் சேரும்.

சிலர் 'செயலிழப்பு' என்று எழுதிக் குடும்பத்தையே கதிகலங்க வைக்கிறார்கள். சிறுநீரகப் பாதிப்பைப் படிப்படியாகப் பிரிக்கும், 2004இல் வந்த ரைஃபிள் அளவுகோலில் இன்ஜுரி, செயலிழப்புக்கு முந்தைய படி. தனித்தமிழ் அன்பர்கள் 'ஊறு' என்பார்கள். எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் 'சிறுநீரக ஊறு' என்றால் இன்று யாருக்குப் புரியும்? வடமொழி வேராக இருந்தாலும் 'பாதிப்பு' எல்லார் வாயிலும் இருக்கிறது. 'திடீர் சிறுநீரகப் பாதிப்பு' போதும்.

அப்புறம், இதை எலிக்காய்ச்சல் என்றும் எழுதாதீர்கள். அது லெப்டோஸ்பைரோசிஸ்; பாக்டீரியாவால் வருவது, ஆன்டிபயாடிக் கேட்கும். ஹன்டாவுக்கு அது பலிக்காது. அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து ஒட்டுபவர்கள், ஒரு மருத்துவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் என்ன?

சித்தப்பாவுக்குத் தூசி விஷயத்தைச் சொன்னேன். "அப்ப குடோனைத் தண்ணி தெளிச்சுத்தான் கூட்டணும்" என்றார். கிருமிநாசினி கலந்த தண்ணீர் என்றேன்.