பதினோரு மணிக்குத் தளரும் கை

கட்டட வேலைக்குப் போகும் ஒரு சித்தாளை அவருடைய மேஸ்திரியே என்னிடம் கூட்டி வந்தார். "காலையில நல்லாத்தான் சட்டி தூக்குது டாக்டர். பதினோரு மணியானா செவுத்தோரமா உட்கார்ந்துடுது." குரலில் அக்கறையும் இருந்தது, சலிப்பும் இருந்தது.

"காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"

"டீ குடிச்சேன் சார்."

நாலரைக்கு எழுந்து சமைத்து, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிறார். பத்தரைக்கு இன்னொரு டீ, ஒரு வடை. சோறு மதியம் ஒரு மணிக்குத்தான். முந்தின இரவு எட்டரைக்குச் சாப்பிட்டது. பதினாறு மணி நேரத்துக்கும் மேல் வயிற்றுக்குள் போனது இவ்வளவுதான்.

ராத்திரி தூங்கும்போதே கல்லீரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பு பெருமளவு கரைந்துவிடும். விடிந்ததும் அதை நிரப்பாமல் ஜல்லியும் சாந்தும் சுமந்தால் கிறுகிறுப்பு வராமல் என்ன செய்யும்? கடின உழைப்பு உழைக்கும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2,720 கலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 1,660 போதும். சர்க்கரை போட்ட டீ ஒன்றில் நூறு கலோரி இருந்தால் அதிகம். டீ பசியை அடக்கிவிடும், அதுதான் சிக்கலே.

சாப்பாடு பற்றாத உடம்பு ஒரே நாளில் விழுந்துவிடாது. முதலில் எடை குறையும், அப்புறம் வேகம் குறையும். அடிக்கடி உட்காருவது உடம்பு தானே செய்துகொள்ளும் சிக்கனம். அதைச் சோம்பல் என்று சொல்வது தப்பு.

இந்தப் பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 8.4, குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். அப்போது சோறு மட்டும் போட்டுப் பயனில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரும்புச் சத்து கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1979இல் வெளியானது. பறித்த கொழுந்தின் அளவு கூடியது. ரத்தசோகை கடுமையாக இருந்தவர்களிடம்தான் முன்னேற்றம் அதிகம். அவர்கள் பறித்த அதே தேயிலை, சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச் சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்பது வேறு கதை.

சரி, என்ன செய்யலாம்? கிளம்புமுன் பழைய சோறு, கூடவே நிலக்கடலைத் துவையல். அதற்கும் நேரமில்லையா, தூக்குவாளியில் கம்பங்கூழ் எடுத்துப் போகட்டும். பத்தரை டீயோடு வடைக்குப் பதில் இரண்டு கடலை மிட்டாய். முட்டையோ கருவாடோ கணவர் தட்டுக்குப் போவதுபோல் இவர் தட்டுக்கும் வரவேண்டும். இதை மட்டும் கணவரையும் வரச்சொல்லித்தான் பேசினேன். மாதவிடாயில் அதிகம் போகிறதா என்று விசாரித்தேன், குடற்புழுவுக்கு மாத்திரை கொடுத்தேன்.

மேஸ்திரியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: ஒன்பது மணிக்கு இருபது நிமிடம் சாப்பிட விடுங்கள். "வேலை நேரம் போயிடுமே சார்" என்றார். பதினோரு மணிக்கு மேல் போகிற நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றேன்.

இரும்புச் சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். டீயோடு போடக் கூடாது. தெம்பு வந்துவிட்டதென்று நிறுத்தவும் கூடாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும்.