பெயரைப் போட்டீர்கள், ஹாப்ஸ் எவ்வளவு போட்டீர்கள்?

எங்கள் பீர் ஆலையின் குளிர் அறையில், கதவை ஒட்டி அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். உள்ளே ஐந்து கிலோ பிடிக்கும் வெள்ளி நிற உறைகளில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ். உறையில் ஒட்டிய சீட்டைப் படித்தால் ஹாப்ஸ் எந்த வகை, எந்த ஆண்டு அறுவடை, எங்கே விளைந்தது, கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் எத்தனை சதவீதம் என்று ஜாதகமே கிடைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹாப்ஸ் விற்க வேண்டுமானால் வகையும் ஆண்டும் ஊரும் குறித்த சான்று கட்டாயம். அதே ஹாப்ஸ் கொதிகலனுக்குள் போய், பீராகிப் புட்டிக்குள் வந்து சேரும்போது லேபிளில் மிஞ்சுவது ஒரே ஒரு சொல்: ஹாப்ஸ்.

ஜெர்மனியில் அந்த ஒரு சொல்லாவது இருக்கிறது. ‘தண்ணீர், பார்லி மால்ட், ஹாப்ஸ்’ என்று இங்கே பீர் லேபிளில் போட்டாக வேண்டும்; மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய தானியம். உணவு லேபிள்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டமோ, 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களுக்குப் பொருள் பட்டியலே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்திருக்கிறது. பிஸ்கட் பொட்டலத்துக்கு இருக்கும் கட்டுப்பாடு பீருக்கு இல்லை.

பவேரியாவில் ஒரு சிறிய ஆலையில் ஒன்பது ஆண்டுகளாகப் பீர் காய்ச்சுகிறேன். காலையில் கொதிகலன், மாலையில் ஆய்வகம். போன கோடையில் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். கடையில் வாங்கிய, வேறொரு ஆலையின் புட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கேட்டார்: “அத்தான், முன்பக்கம் பெரிதாக ‘சிட்ரா’ என்று போட்டிருக்கிறது. இதில் சிட்ரா எவ்வளவு போட்டிருப்பார்கள்?”

சிட்ரா ஒரு ஹாப்ஸ் வகை. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒரு பிடியாகவும் இருக்கலாம், ஒரு மூட்டையாகவும் இருக்கலாம்.

ஹாப்ஸ் ஒரு கொடி. கம்பியைப் பற்றி ஏழு மீட்டர் உயரம் ஏறும். பெண் கொடியில் வரும் பச்சைக் கூம்புகள்தான் எங்களுக்கு வேண்டும். ஒரு கூம்பைப் பிளந்தால் இதழ்களின் அடியில் மகரந்தம்போல மஞ்சள் தூள் இருக்கும். அதன் பெயர் லுபுலின், கசப்பும் மணமும் அதற்குள்தான். அறுவடைக் காலத்தில் தோட்டத்துக்குப் போனால் இரண்டு கூம்புகளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோவோம். கை பிசுபிசுக்கும்; சோப்புப் போட்டாலும் அரை நாளைக்கு விடாது. செக் நாட்டின் சாட்ஸ் என்றால் மண்ணும் மூலிகையும் கலந்த மெல்லிய வாசனை. அமெரிக்காவில் 1972இல் வெளியான கேஸ்கேட் என்றால் பம்பளிமாஸ் தோல். நியூசிலாந்தின் நெல்சன் சோவினில் வெள்ளைத் திராட்சையின் சாயல். இத்தனையையும் ‘ஹாப்ஸ்’ என்று ஒரே சொல்லில் அடக்குவது, இமாம்பசந்தையும் நாட்டு மாங்காயையும் ‘மாங்காய்’ என்று ஒரே கூடையில் கொட்டுவதற்குச் சமம்.

ஆனால் எல்லா பீரிலும் இந்தப் பெயருக்கு ஒரே மதிப்பு இல்லை. இங்கேதான் என்னைப் போன்றவர்கள் வாடிக்கையாளரிடம் சரியாகப் பேசுவதில்லை.

ஹாப்ஸைக் கொதிக்கும் மால்ட் சாற்றில் ஒரு மணி நேரம் போட்டால் ஆல்ஃபா அமிலம் உருமாறிக் கசப்பாகும். மணம் தரும் எண்ணெய்கள் அதற்குள் ஆவியோடு போய்விடும். லாகர் எனப்படும் சாதாரண வகை பீரில் ஹாப்ஸின் வேலை பெரும்பாலும் இந்தக் கசப்பு மட்டும்தான். லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே போதும். ஹெர்குலஸ் போன்ற கசப்பு மிகுந்த வகை என்றால் அரை கிராமுக்குச் சற்று மேலே. ஹாப்ஸுக்குப் பதில் அதன் சாறெடுத்த பசையை ஊற்றும் ஆலைகளும் உண்டு. ஜெர்மன் லேபிளில் அது ‘ஹாப்ஸ் சாறு’ என்று தனியாக வரும். இப்படிப்பட்ட பீரில் வகையின் பெயரைப் போட்டாலும் குடிப்பவர் நாக்குக்கு அது பெரிதாக எதையும் சொல்லப்போவதில்லை. ஐபிஏ என்ற, ஹாப்ஸ் மணம் தூக்கலான பீர் வகையின் கதை வேறு. நொதித்து முடிந்த பீரில் குளிர்ந்த நிலையில் லிட்டருக்கு எட்டு, பத்து கிராம் வரை ஹாப்ஸைக் கொட்டி ஊறவைக்கிறோம். அங்கே பீரின் முகமே அந்த வகைதான். அங்கே பெயரை மறைப்பதும் தவறு, பொய்யாகப் போடுவதும் தவறு.

பொய் என்றேன். சட்டப்படி அதைப் பொய் என்று நிறுவுவது எளிதல்ல என்பதுதான் சிக்கல். இப்போதைய ஆலைக்கு வருமுன் வேறோர் இடத்தில் இருந்தபோது, இரண்டாயிரம் லிட்டர் தொட்டிக்குப் பதினாறு கிலோ ஹாப்ஸ் ஊறப் போட்டோம். அதில் ஒரே ஒரு கிலோ நெல்சன் சோவின். மீதி முழுக்க விலை மலிந்த வேறு வகை. “பெயருக்கு ஒரு கிலோ போதும், லேபிளில் அதைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம்” என்றார் முதலாளி. அளவு பார்த்து உறையை வெட்டித் தொட்டிக்குள் கொட்டியவன் நான். லேபிள் அச்சாகி வந்தபோது அந்தப் பெயர் ஆலையின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை, வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நம் ஊர்க் கூட்டுப் பெருங்காய டப்பாவில் மாவும் பிசினும் போக அசல் பெருங்காயம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அதே விவகாரம்தான்.

வைன்காரர்கள் இந்தச் சண்டையை எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள். புட்டியில் ஒரு திராட்சை வகையின் பெயரை மட்டும் போட வேண்டும் என்றால் ஐரோப்பாவில் குறைந்தது 85 சதவீதம் அந்தத் திராட்சை இருக்க வேண்டும், அமெரிக்காவில் 75. இந்தியாவில் சிக்கரி கலந்த காபித்தூளுக்கே காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கும்பகோணம் டிகிரி காபி குடிப்பவருக்கு இருக்கும் இந்த உரிமை, ஐபிஏ குடிப்பவருக்கு ஏன் இல்லை?

என் கட்சி இதுதான்: எல்லா பீரிலும் எல்லா வகைகளையும் அச்சிடு என்று கட்டாயப்படுத்த வேண்டாம். முன்பக்கம் ஒரு வகையின் பெயரைச் சொல்லி விற்கிறாயா, பின்பக்கம் அது எத்தனை சதவீதம் என்று சொல். அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் சக தொழில்காரர்கள் மூன்று காரணம் காட்டுவார்கள். செய்முறை வெளியே போய்விடும் என்பது முதலாவது. ஹாப்ஸின் பெயரை மட்டும் வைத்து என் பீரைக் காய்ச்சிவிட முடியுமென்றால் என் ஒன்பது ஆண்டு உழைப்புக்கு என்ன பொருள்? இரண்டாவது, லேபிள் செலவு. காலாவதித் தேதியைப் புட்டியில் அடிக்கும் அதே இயந்திரம் இன்னொரு வரி அடிக்காதா? மூன்றாவது காரணத்தை மட்டும் என்னால் ஒதுக்க முடியவில்லை: விளைச்சல் நம் கையில் இல்லை. 2022இல் ஐரோப்பாவில் வெயில் காய்ந்ததில் இங்கே ஹாலர்டாவ் தோட்டங்களிலும் செக் நாட்டிலும் விளைச்சல் படுத்துவிட்டது. வழக்கமான வகை கிடைக்காமல் பலரும் வேறு வகைக்கு மாறினார்கள். அச்சடித்த லேபிள் கட்டுக்கட்டாகக் கிடங்கில் இருக்க, உள்ளே பீர் வேறாக இருந்தால் என்ன செய்வது? வைனுக்கு மட்டும் 2023 டிசம்பர் 8 முதல் பொருள் பட்டியலைக் கட்டாயமாக்கி, அதை க்யூஆர் குறியீட்டில் கொடுக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். பீருக்கும் அது ஒரு வழி. எனக்கு அரை மனதுதான். கடையில் நின்றுகொண்டு ஒவ்வொரு புட்டிக்கும் கைபேசியை நீட்டுபவரை நான் பார்த்ததில்லை.

பெயரிலும் குழப்பம் உண்டு. ஸ்லோவீனியாவில் ‘ஸ்டைரியன் கோல்டிங்’ என்று காலங்காலமாக விற்றது கோல்டிங் வகையே அல்ல. இங்கிலாந்திலிருந்து கொண்டுபோய் நட்ட ஃபகில் என்ற வகை அது. கேஸ்கேடை அமெரிக்காவின் யாக்கிமாவில் வளர்த்தால் ஒரு மணம், ஹாலர்டாவில் வளர்த்தால் இன்னொன்று. ஆகவே வகையோடு விளைந்த இடமும் வேண்டும். சாட்ஸ் ஹாப்ஸுக்கு 2007இலேயே ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்புக் கொடுத்ததன் காரணம் இதுதான்.

வகையைக் கேட்கும் வாடிக்கையாளர்களிடம் நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: புட்டியில் அடைத்த தேதியைப் பார்த்தீர்களா? ஹாப்ஸ் மணம் முதல் வாரத்திலிருந்தே கரையத் தொடங்கும். வெயில்படும் அலமாரியில் மூன்று மாதம் நின்ற ஐபிஏவில் சிட்ராவைத் தேடுவது வீண். நனைந்த அட்டையின் வாசனைதான் வரும். லேபிளில் ‘இந்தத் தேதிக்குள்’ என்று இருக்குமே தவிர, அடைத்த தேதி பெரும்பாலும் இருக்காது. பச்சைப் புட்டியும் நிறமற்ற புட்டியும் இன்னும் மோசம். ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருளே சிதைந்து நாற்றமடிக்கும். பழுப்புப் புட்டி அழகுக்காக அல்ல.

இரண்டு எச்சரிக்கைகள். ஹாப்ஸ் தூக்கம் தரும் மூலிகை, உடம்புக்கு நல்லது என்று யாராவது பீர் லேபிளில் எழுதியிருந்தால் வாங்காதீர்கள், 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானத்தில் அப்படிப்பட்ட வாக்குறுதிக்கு ஐரோப்பாவில் தடை இருக்கிறது. பழ மணத்தில் மயங்கிச் சதவீதத்தைப் பார்க்காமலும் விடாதீர்கள். அரை லிட்டர் லாகர் 5 சதவீதம் என்றால் உள்ளே சுமார் 20 கிராம் ஆல்கஹால், 8 சதவீத டபுள் ஐபிஏ என்றால் சுமார் 32 கிராம். வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கு மட்டும் இன்னொன்று: ஊறிய ஹாப்ஸ் சக்கையை நாய் எட்டும் இடத்தில் போடாதீர்கள். உடல் சூடு எகிறி நாய் செத்துப்போகும் அளவுக்கு அது விஷம்.

எங்கள் அடுத்த ஐபிஏவுக்கான லேபிள் மாதிரி இப்போது என் மேசையில் இருக்கிறது. பின்பக்கத்தில் ‘சிட்ரா 60, மொசைக் 40, யாக்கிமா’ என்றும், கீழே அடைத்த தேதிக்கு ஒரு கட்டமும் போட்டிருக்கிறோம். முன்பக்கம் சிட்ராவை மட்டும் பெரிதாகப் போடலாம் என்கிறார் விற்பனைப் பிரிவுக்காரர். அறுபது போதாது என்கிறேன் நான். அச்சகத்துக்கு வியாழக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.