செயின்சா: மின்ரம்பமா, சங்கிலி வாளா?

புயல் ஓய்ந்த மறுநாள் செய்திகளில் தவறாமல் ஒரு வரி வரும்: சாலையில் சாய்ந்த மரங்கள் மின்ரம்பம் கொண்டு அகற்றப்பட்டன. 2018 கஜாவின்போது டெல்டாவில் மின்கம்பங்களே வயலில் படுத்துக் கிடந்தன. மின்சாரம் இல்லாத ஊரில் மின்ரம்பம் எப்படி ஓடியிருக்கும்? ஓடியது பெட்ரோலில் இயங்கும் செயின்சா. மரம் அறுக்க வருபவர்கள் இந்த வம்புக்கே போவதில்லை. "மிஷின் எடுத்துட்டு வரேன்" என்பதோடு சரி.

ஆங்கிலப் பெயரில் 'செயின்' என்பது சங்கிலி, 'சா' என்பது மரம் அறுக்கும் வாள். நம்மிடம் வாள் என்றால் போர்வாள் மட்டுமல்ல. அரிவாளில் இருப்பதும் அதே வாள்தான். ஈர்தல் என்றால் பிளத்தல், அறுத்தல். அதனால் மரம் அறுப்பது ஈர்வாள். மலையாளத்தில் இன்றும் ஈர்ச்சவாள்தான். ரம்பம் தெலுங்கிலும் உள்ள சொல். 'ரம்பம் போடுகிறான்' என்று ஆளைக் கிண்டல் செய்யும் அளவுக்கு நம்மோடு ஒட்டிவிட்டது, அதை விரட்ட வேண்டியதில்லை. அரம் வேறு. சங்குவளை அறுத்த கருவியாகச் சங்கப் பாடலில் 'அரம்போழ் அவ்வளை' என்று வரும். இன்று அது ரம்பத்தின் பல்லைத் தீட்டும் கருவி. செயின்சாவுக்கும் உருண்டை அரம் ஒன்று தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கருவி பிறந்தது காட்டில் அல்ல, மருத்துவரின் மேசையில். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் எய்ட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற ஸ்காட்லாந்து மருத்துவர்கள் எலும்பு அறுக்கப் பல் வைத்த சிறு சங்கிலியைப் பயன்படுத்தினார்கள். மரத்துக்கு வந்தது பிறகுதான். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் செய்தது மின்சாரத்தில் ஓடியது. ஆக, மின்ரம்பம் என்ற பெயர் ஸ்டில்லின் அந்த மிஷினுக்குக் கச்சிதம். பெட்ரோல் மிஷினுக்குத்தான் பொருந்தவில்லை.

எனக்குப் பிடித்த கதை அதன் பல்லுடையது. அமெரிக்காவின் ஓரிகனில் மரம் வெட்டிய ஜோசப் காக்ஸ், அடிக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டுப்புழுவைப் பார்த்தார். அதன் தாடை இடமும் வலமுமாக மரத்தைச் சீவிச் சீவித் தள்ளியது. அதே வளைவில் பல் செய்து 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய சங்கிலியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பல்லும் குட்டி இழைப்புளி மாதிரி, ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். பெயர்தான் வாள், செய்வது சீவல் வேலை. அதனால்தான் கூராக இருக்கும்போது சீவல் சீவலாகக் கொட்டும். மாவு மாதிரி தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது. அப்போது மிஷினை அழுத்தக் கூடாது, அணைத்துவிட்டு அரத்தை எடுக்க வேண்டும்.

'சங்கிலி' வடமொழி வழி வந்தது என்று சிலர் 'தொடரி வாள்' என்பார்கள். கேட்பவருக்கு ரயில்தான் நினைவுக்கு வரும். என் ஓட்டு சங்கிலி வாளுக்கு. ஆபத்து எதில் இருக்கிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. கைவாளை நாம் இழுத்தால்தான் அது நகரும். இதில் சங்கிலி தானே ஓடும், பெட்ரோல் மிஷினில் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில்.

எங்கள் வீட்டு வேம்பில் கிளை கழிக்க வந்தவரிடம் அதைக் கண்ணால் பார்த்தேன். சங்கிலி சுற்றி ஓடும் நீளமான உலோகப் பட்டையின் நுனி பின்னாலிருந்த இன்னொரு கொம்பில் பட்டதும் மிஷின் அவர் முகத்தை நோக்கி எகிறியது. இடக்கை முன்பிடியை இறுகப் பற்றியிருந்ததால் தப்பினார். புல்லட் கிக்கர் ரிட்டர்ன் அடிப்பதுபோல என்றால் புரியும். 'எகிறல்' என்றே அதற்குப் பெயர் வைக்கலாம். நுனியின் மேல்பாதி எதிலும் படக் கூடாது, தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது, ஏணியில் நின்று தொடவே கூடாது.

வீட்டுக்கு வாங்குவதானால் 12 முதல் 16 அங்குலப் பட்டை தாராளம். முருங்கை, கொய்யாக் கிளைகளுக்கு பேட்டரி மிஷினே போதும். கடைக்காரரிடம், எகிறும்போது சங்கிலியைச் சட்டென நிறுத்தும் சங்கிலி பிரேக் இருக்கிறதா என்று கேட்டு, அதைத் தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி, காதடைப்பு, கெட்டியான பூட்ஸ், கால் கவசம் எல்லாவற்றையும் அதே பில்லில் சேர்த்துவிடுங்கள். லுங்கியோடு மிஷினைத் தொடாதீர்கள்.