லேட்டன்சி: மறைநிலை அல்ல, சுணக்கம்

போன வாரம் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் மடிக்கணினியோடு வந்தான். வெளிநாட்டு லினக்ஸ் கணினி ஒன்றில் ஓடும் மென்பொருளின் சாளரத்தை எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக இங்கே திறக்கிறான். மெனுவைத் தட்டினால் விரிய ஏழெட்டு நொடி ஆகிறது. "அண்ணா, மறைநிலை அதிகமா இருந்தா இப்படித்தான் ஆகும்னு கோர்ஸ் நோட்ஸ்ல போட்டிருக்கு. குரோம்ல இன்காக்னிட்டோ எல்லாத்தையும் மூடிட்டேன். அப்பவும் இழுக்குது" என்றான்.

சிரிக்க மனம் வரவில்லை. குரோமைத் தமிழில் வைத்திருப்பவனுக்கு மறைநிலை என்றால் இன்காக்னிட்டோதான். கணினியிடம் கேட்டதற்குப் பதில் வர ஆகும் நேரத்தைச் சொல்கிற லேட்டன்சிக்கும் அதையே போட்டவரைத்தான் கேட்க வேண்டும். இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது முதல் தடவையும் அல்ல.

லத்தீனில் லாத்தேரே என்றால் ஒளிந்திருத்தல். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததுதான் லேட்டன்சி. இயற்பியலில் 'உள்ளுறை வெப்பம்' என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். அங்கே பொருந்துகிறது, ஏனென்றால் வெப்பம் உண்மையிலேயே உள்ளே ஒளிந்திருக்கிறது. வலைப்பின்னலில் எதுவும் ஒளியவில்லை. கேட்டதற்கும் பதில் வந்ததற்கும் நடுவே கழிகிற நேரம், அவ்வளவுதான். அகராதியில் வேரைப் பார்த்துவிட்டு, பொருளைப் பார்க்காமல் புத்தகத்தை மூடியதன் விளைவு இது.

அதே நோட்ஸில் பேண்ட்விட்த்துக்கு, அதாவது இணைப்பில் நொடிக்கு எவ்வளவு தரவு போகலாம் என்கிற அளவுக்கு, 'அலைக்கற்றை' என்றிருந்தது. 2ஜி விவகாரத்துக்குப் பிறகு அலைக்கற்றை என்றால் அரசு ஏலம் விடுகிற ஸ்பெக்ட்ரம் என்று தமிழ்நாட்டில் டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள்.

தம்பிக்கு மீனை வைத்துத்தான் விளக்கினேன். காசிமேட்டுக்குப் பையனை அனுப்புகிறீர்கள். வஞ்சிரம் இருக்கா, கேட்டுவிட்டு வா. வந்தான். கிலோ என்ன விலை? மறுபடி ஓடினான். வெட்டித் தருவார்களா? இன்னொரு நடை. அவனுக்கு மீன்பாடி வண்டியே வாங்கிக் கொடுத்தாலும் குழம்பு ராத்திரிக்குத்தான். வண்டியின் கொள்ளளவு பேண்ட்விட்த். ஒவ்வொரு நடைக்கும் ஆகிற நேரம் லேட்டன்சி.

லினக்ஸில் சாளரங்களை வரையும் எக்ஸ் விண்டோ இந்தப் பையனைப் போலத்தான். 1984-இல் எம்.ஐ.டி.யில் பிறந்தது, இன்றும் ஓடுகிற பதினோராம் பதிப்பு 1987-இல் வந்தது. நிரல் அங்கே ஓடும், சாளரம் இங்கே வரையப்படும், நடுவில் ஓயாத கேள்வி பதில். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கணினிக்கு ஒருமுறை போய்வர நொடியில் பத்தில் ஒரு பங்கு. மெனுவைத் திறக்க 70 கேள்வி என்றால் 7 நொடி. எஸ்எஸ்எச்சில் தரவுச் சுருக்கத்தைப் போட்டால் மூட்டையின் எடை குறையும், நடை குறையாது. என்எக்ஸ் போன்ற தொலைத்திரை மென்பொருள்கள் நடைகளைத்தான் குறைக்கின்றன. விஎன்சி என்ற இன்னொன்று வரைந்து முடித்த படத்தையே அனுப்பிவிடுகிறது.

சரி, 'தாமதம்' போதாதா என்பார்கள். வடமொழி என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. வரவேண்டிய நேரம் தவறினால்தான் தாமதம். எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதும் லேட்டன்சி இருக்கும். 'சுணக்கம்' மேல். வினையாகவும் வளைந்து கொடுக்கும்: இணைப்பு சுணங்குகிறது, சுணங்காமல் திறக்கிறது. அதிலும் கொஞ்சம் குற்றச்சாட்டு வாசனை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெனு விரிவதற்குள் டீ ஆறிப்போனவனுக்குக் குற்றம் சாட்டத்தானே தோன்றும்? போய்வருவதை மட்டும் தனியாகச் சொல்ல 'போய்வரும் நேரம்' போதும். அதற்கொரு புதுச்சொல் எதற்கு?

தம்பி நோட்ஸில் மறைநிலையை அடித்துவிட்டு மேலே சுணக்கம் என்று எழுதினான். "பேப்பர்ல பாலம் வேலைக்குப் போடுவாங்களே, அந்தச் சுணக்கமாண்ணா?"

அதேதான் என்றேன்.