எலும்பு கூடவில்லை, ஸ்குரூவை ஏன் கழற்றுகிறார்கள்?

மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் தம்பிக்கு 5 மாதம் முன்பு பைக் விபத்து. முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்து, உள்ளே ராடு போட்டார்கள். இப்போது எக்ஸ்-ரே பார்த்துவிட்டு, எலும்பு இன்னும் சரியாகக் கூடவில்லை என்கிறார் டாக்டர். சரி, இன்னொரு ஸ்குரூ போடுவார் என்று பார்த்தால், இருக்கிற ஸ்குரூவைக் கழற்ற வேண்டுமாம். கூடாத எலும்பில் ஸ்குரூவைக் கழற்றினால் கால் என்னாவது? ஆபரேஷன் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் செலவே ஏறிக்கொண்டு போகிறது. இது பணம் பிடுங்கும் வேலையா?"

நியாயமான சந்தேகம். ஆனால் அந்த டாக்டர் சொல்வது பெயர் பெற்ற ஒரு சிகிச்சை முறை. டைனமைசேஷன் என்பார்கள். அது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால், ஆபரேஷனுக்குப் பிறகு செலவு ஏன் நிற்பதில்லை என்பதும் சேர்ந்தே புரியும்.

எலும்பு முறிந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது, அதில் மெத்தென்ற புதுத் திசு முளைக்கிறது, அது குருத்தெலும்பாகிறது, குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து ஏறி எலும்பாகிறது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஏன் இந்தச் சுற்றுவழி? உடம்புக்கு எலும்பு செய்யத் தெரியும். நேராக எலும்பையே செய்து இடைவெளியை அடைத்துவிட்டால் என்ன?

இதற்கு ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஸ்டெஃபான் பெர்ரன் 1970களில் சொன்ன விளக்கம் எனக்கு மிகப் பிடித்தமானது. பிளஸ் ஒன் இயற்பியலில் 'திரிபு' படித்திருப்பீர்கள். ஒரு பொருள் எவ்வளவு நீள்கிறதோ, அதை அதன் முதலில் இருந்த நீளத்தால் வகுத்தால் திரிபு. பெர்ரன் அதை முறிவின் இடைவெளிக்குள் கொண்டுபோய் வைத்தார். பரோட்டா மாஸ்டர் மாவை இழுக்கும்போது அது இரண்டு மடங்கு நீண்டாலும் அறுவதில்லை. முதலில் முளைக்கும் மெத்தென்ற திசு அப்படி: 100 சதவீதத் திரிபைத் தாங்கும். உங்கள் காது மடலை மடித்துப் பாருங்கள், விட்டால் திரும்பி நிற்கும். அது குருத்தெலும்பு, சுமார் 10 சதவீதம் தாங்கும். முற்றிய எலும்போ காய்ந்த அப்பளம் மாதிரி. 2 சதவீதத்துக்கு மேல் இழுத்தால் பிளந்துவிடும்.

இப்போது தம்பியின் காலுக்குள் போவோம். முறிவில் 1 மில்லிமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு முறை கால் அசையும்போதும் அது அரை மில்லிமீட்டர் கூடிக் குறைகிறது என்றால், திரிபு 50 சதவீதம். அங்கே எலும்புச் செல்கள் எலும்பு கட்ட முயன்றால், கட்டக் கட்ட உடையும். குருத்தெலும்பும் நிற்காது. மாவு போன்ற திசு மட்டும்தான் பிழைக்கும். அது இடத்தைப் பிடித்துக்கொண்டு அசைவைக் கொஞ்சம் குறைக்கிறது. அசைவு குறைந்ததும் குருத்தெலும்புக்கு இடம் கிடைக்கிறது, அது இன்னும் இறுக்குகிறது. திரிபு 2 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் எலும்பு உள்ளே வருகிறது. ஒவ்வொரு திசுவும் தனக்கு அடுத்து வருவதற்கு இடம் செய்து கொடுத்துவிட்டு விலகுகிறது. மேற்பார்வையாளர் யாரும் கிடையாது. அந்தந்த இடத்துச் செல் தன்மேல் விழும் இழுப்பை உணர்ந்து, தான் என்னவாக மாறுவது என்று முடிவு செய்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இன்னொரு அழகும் உண்டு. முறிவைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு புடைப்பு வளரும், கேலஸ் என்பார்கள். எக்ஸ்-ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், கறுப்புக் கோட்டின் இரு பக்கமும் மங்கலான வெள்ளை மேகம் போலத் தெரியும். என் சித்தப்பாவின் படத்தில் அந்த மேகத்தைத் தேடித்தான் வீடே ஜன்னலோரம் கூடி நின்றது. அது ஏன் வெளிப்பக்கம் வளர்கிறது? ஒரு தண்டின் விட்டம் இரண்டு மடங்கானால் அதன் வளையாத்தன்மை 16 மடங்காகும். கையில் இருப்பது மென்மையான பொருள்தான் என்றாலும், அதை அகலமாக வைத்துக் கட்டினால் அசைவு அடங்கும் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் அசைவே இல்லாமல் இறுக்கிவிட்டால் நல்லதுதானே? இல்லை, ஸ்குரூ சங்கதி வருவது இங்கேதான். எலும்பின் நடுக்குழிக்குள் இறக்கிய ராடின் மேலேயும் கீழேயும் ஸ்குரூ போட்டு எலும்போடு பூட்டினால், கால் சுற்றாது, குட்டையாகாது. முதல் வாரங்களில் அது அவசியம். ஆனால் முறிந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விழுந்துவிட்டால், அந்தப் பூட்டே அதை மூட விடாமல் பிடித்து வைத்திருக்கும். தம்பி ஊன்றும் எடை ராடு வழியாக இறங்கிப் போய்விடும், எலும்பு முனைகள் ஒன்றை ஒன்று அழுத்தாது. அந்த இதமான அழுத்தம் போதாமல் போனால் கேலஸ் சோம்பிவிடுகிறது. ஒரு பக்கத்து ஸ்குரூவைக் கழற்றினால், எலும்பு ராடின் மேல் சில மில்லிமீட்டர் சறுக்கி, முனைகள் உட்காரும். ராடு உள்ளேயே இருப்பதால் கால் வளையாது. அப்புறம் ஒவ்வொரு அடியும் முறிவை மெல்ல அழுத்தி, வேலையைத் தூண்டிவிடும். எல்லா முறிவுக்கும் இது பொருந்தாது. எலும்பு துண்டு துண்டாக நொறுங்கியிருந்தால் கால் குட்டையாகிவிடும். ஸ்குரூவைக் கழற்றியும் கூடாமல், ராடையே மாற்ற வேண்டி வருவதும் உண்டு.

இனி செலவு. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு கூடுவதற்கு 16 முதல் 20 வாரம் சாதாரணமாகவே ஆகும், அடி பலமென்றால் அதற்கு மேலும். 15ஆம் நாள் எக்ஸ்-ரே எடுத்தால் பெரியவர்களுக்கு அந்த மேகம்கூடத் தெரியாது, உள்ளே இன்னும் மாவுதான். ஆனால் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பின் 15 நாள் வரையான செலவைத்தான் ஏற்கிறது. கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்குப் பணம் கேட்காமல் சிகிச்சை தரும் திட்டத்தைக் கொண்டுவர உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. அதன்படி வந்த திட்டம் 7 நாளுக்கு, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. உயிரைக் காப்பாற்ற அது பெரிய கொடை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எலும்பின் காலண்டரில் 7 நாள் என்பது ரத்தக்கட்டு கலையத் தொடங்கும் நேரம். அதற்குப் பிறகான எக்ஸ்-ரே, பிசியோ, மருந்து, ஸ்குரூ கழற்றுவது, சம்பளம் இல்லாத மாதங்கள் எல்லாம் குடும்பத்தின் தலையில். சயானுக்குத் தெற்கே ஆட்டோ ஓடாது. பரேல் பக்கம் மருத்துவமனை என்றால், கம்பு ஊன்றிக்கொண்டு லோக்கலிலோ பெஸ்ட் பஸ்ஸிலோ ஏற முடியாதவர் போகவும் வரவும் டாக்சிதான் பிடிக்க வேண்டும். பிசியோ கட்டணத்தைவிட டாக்சிக் காசு அதிகமாகி, பாதியில் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 8 பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களில் காலில் மிகக் கடுமையான அடிபட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள், லீப் ஆய்வு என்று பெயர். செயற்கைக் காலின் செலவைச் சேர்க்காமல் பார்த்தால், காலைக் காப்பாற்றியவர்களுக்கும் காலை எடுத்தவர்களுக்கும் முதல் 2 ஆண்டுச் செலவு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. வாழ்நாள் கணக்கு போட்டபோது, காப்பாற்றிய காலுக்கு சுமார் 1.63 லட்சம் டாலர், எடுத்த காலுக்கு சுமார் 5.09 லட்சம் டாலர். செயற்கைக் கால் தேயும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியவந்ததே, வீட்டுக்குப் போனவர்களையும் விடாமல் பின்தொடர்ந்ததால்தான். நம் ஊரிலும் மும்பை, டெல்லி, கொல்கத்தா பொது மருத்துவமனைகளில் 2013 முதல் 2015 வரை சுமார் 16,000 பேரின் விபத்துப் பதிவேடு ஒன்றைத் திரட்டினார்கள். அருமையான உழைப்பு. ஆனால் அது மருத்துவமனைக்குள் நடப்பதைப் பற்றியது. வாசலைத் தாண்டிய பின் ஒரு வருடம் அவர்கள் எத்தனை முறை வந்தார்கள், எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள், எங்கே கடன் வாங்கினார்கள் என்று எழுதிவைக்கவும் பணம் ஒதுக்க வேண்டும். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் 15 நாளை 150 நாளாக்கு என்று கேட்க முடியும்.

செலவுக்குப் பயந்து கட்டு கட்டுபவரிடம் போகலாமா என்ற கேள்வியும் வரும். தயவுசெய்து வேண்டாம். உள்ளே ராடு இருக்கும் காலைப் பிடித்து நீவுவதும் மூங்கில் வைத்து இறுக்குவதும் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். பிரண்டைத் துவையல் தாராளமாகக் கொடுங்கள். விலங்குகளிலும் சிறிய அளவில் மனிதர்களிலும் அதை ஆராய்ந்திருக்கிறார்கள், பெரிய ஆய்வுக்குத் தகுதியான செடி என்றே நினைக்கிறேன். ஆனால் துவையல் முறிவின் இடைவெளியை மூடாது. பீடி, சிகரெட், தம்பாகு இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கி, எலும்பு கூடுவதைத் தள்ளிப்போடும். காசு செலவில்லாத சிகிச்சை அதுதான்.

அடுத்த முறை போகும்போது பழைய எக்ஸ்-ரேக்களையும் எடுத்துப் போய், புதியதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த ஸ்குரூ போகிறது, எது இருக்கிறது, கால் குட்டையாக வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். பிசியோ தொடர முடியவில்லையென்றால், ஹாஜி அலியில் மத்திய அரசின் உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது, விசாரியுங்கள். கழற்றிய பிறகு எத்தனை கிலோ ஊன்றலாம் என்று கேட்க மறக்காதீர்கள். 20 கிலோ என்று சொன்னால், வீட்டில் எடை மெஷினைத் தரையில் வைத்து, தம்பியைக் கம்பைப் பிடித்து நிற்கச் சொல்லி, அடிபட்ட காலை மட்டும் அதன்மேல் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். முள் 20க்கு வரும்போது கால் எப்படி இருக்கிறது என்று நாலைந்து முறை பழகிக்கொள்ளட்டும். படி இறங்கும்போதும் அதே அளவுதான்.