ஒரு கல், மூன்று வணக்கம்: வரலாற்றாசிரியர் கடந்த காலத்தை எப்படி வாசிக்கிறார்?

கொழும்பு 7, தேசிய நூதனசாலை. அங்கே ஏறத்தாழ நாலே முக்கால் அடி உயரமான ஒரு பலகைக்கல் இருக்கிறது. தலைப்பகுதியில் இரண்டு டிராகன்கள், அவற்றின் கீழே சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி எழுத்துகள். 1911ஆம் ஆண்டு காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். சீனாவின் மிங் பேரரசர் யொங்லோவின் பெயரால் தளபதி செங் ஹோவின் கப்பற்படை இலங்கைக்குக் கொண்டுவந்த கல் இது. பாடசாலைச் சுற்றுலாவில் வரும் நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தைத் தேடிப் பிடித்துச் சந்தோஷப்படுவார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் வரலாற்றாசிரியரின் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒரே கல்லில் மூன்று மொழி என்றால் ஒரே செய்தியை மூன்று முறை எழுதியிருப்பார்கள் என்றே யாரும் நினைப்போம். வாசித்துப் பார்த்தால் அப்படியில்லை. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. மாத்தறைக்கு அப்பால், இன்று தெவிநுவர எனப்படும் ஊரில் கோயில் கொண்டிருந்த தெய்வம் அது. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துவிட்டது. எஞ்சியதில் அல்லாஹ்வையும் இஸ்லாமியப் பெரியார்களையும் முன்னிட்ட சொற்கள் தெரிகின்றன. காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: பொன்னில் 1,000, வெள்ளியில் 5,000, பட்டுகள், வாசனை எண்ணெய், விளக்குகள். மூன்று கூட்டத்தாருக்கும் தனித்தனியே முகம் கொடுத்து, மூன்று தெய்வங்களுக்கும் சமமாகக் கொடுத்தோம் என்று பேரரசு அறிவித்திருக்கிறது.

வரலாற்றாசிரியர் ஒரு சான்றைக் கையில் எடுத்ததும், அது என்ன சொல்கிறது என்பதோடு நிற்பதில்லை. யார் எழுதினார், எப்போது, யார் வாசிக்க, எதைச் சாதிக்க என்று அதை விசாரிக்கிறார். காலத்தையே எடுத்துக்கொள்வோம். கல்லில் உள்ள சீனத் திகதி நம் கணக்கில் 1409 பெப்ரவரி 15. செங் ஹோவின் மூன்றாவது பயணமோ சீனாவை விட்டுப் புறப்பட்டது அதே ஆண்டின் பிற்பகுதியில். ஆகவே கல்லை நான்கிங் நகரிலேயே வெட்டி முடித்துக் கப்பலில் ஏற்றினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கல்லில் பொறித்த நாள் அதை நாட்டிய நாள் இல்லை.

இந்தச் சிறிய முடிவு இன்னொரு கதவைத் திறக்கிறது. நான்கிங்கில் வெட்டினார்கள் என்றால், தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும். அது நடக்கக்கூடியதா? சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர் அந்தக் கரையில் குடியிருந்து கோயிலும் கட்டிய காலம் அது. நூறாண்டுக்கு மேல் இடைவெளி இருப்பதால் இது நேர்ச் சான்று ஆகாது. ஆனாலும் ஊகத்துக்கு நிலம் கிடைத்துவிடுகிறது. கப்பற்படையோடு பயணம் செய்த ஃபெய் சின் என்பவரும், பேரரசர் இலங்கைக் கோயிலுக்குக் காணிக்கை கொடுத்துக் கல் நாட்டினார் என்று தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். கல்லும் ஏடும் வெவ்வேறு வழியாக வந்து ஒன்றையே சொல்லும்போது வரலாற்றாசிரியருக்குத் துணிவு வருகிறது.

இனி, சான்றுகள் சண்டை பிடிக்கும் இடத்துக்கு வருவோம். காணிக்கை கொடுத்த அதே பயணத்தில் போரும் நடந்தது. 1411இல் செங் ஹோ இலங்கை ஆட்சியாளர் ஒருவரைக் குடும்பத்தோடு சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். மிங் அரசவைப் பதிவின்படி குற்றம் இலங்கை ஆட்சியாளர் அழகக்கோனாருடையது: அவர் சீனரை உள்நாட்டுக்கு வரவழைத்துவிட்டு, கப்பல்களைக் கொள்ளையிட 50,000 பேரை அனுப்பினார், செங் ஹோ 2,000 பேரோடு குறுக்கு வழியாகப் போய்த் தலைநகரைப் பிடித்தார். சிங்கள வரலாற்று நூலான இராஜாவலியோ கதையைத் தலைகீழாகச் சொல்கிறது: பரிசு கொண்டுவருவதாகப் பாசாங்கு செய்து வந்த சீனர், நம்பிய அரசன் விஜயபாகுவைச் சூழ்ச்சியால் பிடித்துப் போனார்கள்.

யாரை நம்புவது? மிங் பதிவு சம்பவத்துக்கு மிக அருகில் எழுதப்பட்டது. ஆனால் அது வென்றவரின் அலுவலகக் கோப்பு. 50,000க்கு எதிராக 2,000 என்ற கணக்கு தளபதியின் பெருமையை உயர்த்தத் தோதானது. இராஜாவலி இன்றைய வடிவத்தைப் பெற்றது ஏறத்தாழ இருநூறாண்டு கழித்து, போர்த்துக்கேயரிடம் அடிபட்ட பிறகு. கடல்வழி வந்த அந்நியன் என்றால் வஞ்சகன் என்ற அனுபவம் அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. எனவே இரண்டும் ஒத்துக்கொள்ளும் எலும்புக்கூட்டை மட்டும் முதலில் பிரித்தெடுக்கிறார்கள்: சீனர் வந்தனர், மோதல் நடந்தது, ஆட்சியாளர் ஒருவர் பிடிபட்டார். பிடிபட்டவர் யார் என்பதிலேயே பெயர் வேறுபடுகிறது. இரு பெயரும் ஒருவரைத்தான் குறிக்கின்றன என்பது வாதிட்டு அடைந்த முடிவு. யார் முதலில் வஞ்சித்தார் என்பதற்குத் தீர்ப்பு எழுதும் அளவுக்குச் சான்று இல்லை. அதை நேர்மையாகத் திறந்து விடுவதும் அறிவியல்தான்.

ஆனாலும் திறந்து விடுவது யாருக்கும் பிடிப்பதில்லை. இந்தக் கல் இன்று இலங்கை–சீன நட்பின் சின்னமாகக் காட்டப்படுகிறது. அப்போது 1411 காணாமல் போகிறது. தமிழர் நாமும் சளைத்தவர்கள் இல்லை. கல்லில் சிங்களம் இல்லை, தமிழ் இருக்கிறது, ஆகவே காலி தமிழர் பூமி என்று வாதிடுவோரைக் கேட்டிருக்கிறேன். கல் அவ்வளவு பாரத்தைத் தாங்காது. மூன்று மொழிகளும் இந்துமாக்கடல் வணிகத்தில் புழங்கியவை. கடலில் வந்து போவோருக்குத்தான் பேரரசு பேசியிருக்கிறது என்பது பொருத்தமான விளக்கம். அதற்காக, தமிழ் வெறும் வந்துபோன வணிகரின் மொழி, தென்னிலங்கைக்கும் அதற்கும் ஒட்டுறவே இல்லை என்பதும் பொய். கரையோரத்துப் பெருங்கோயில் ஒன்றின் தெய்வத்தைப் பேரரசு தமிழில் விளித்திருக்கிறது. அந்தக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் அழித்தார்கள். அது சிங்கள பௌத்தர் வணங்கும் உபுல்வனுடையதா, விஷ்ணுவுடையதா, சிவனுடையதா என்று இன்றுவரை ஒவ்வொரு தரப்பும் உரிமை கோருகிறது. ஒரே தலத்தில் பலரும் பல பெயரில் வணங்கியிருக்கலாம் என்ற எண்ணம் இந்தச் சண்டையில் யார் காதிலும் விழுவதில்லை.

சான்றில் எது இருக்கிறது என்பதைப்போலவே, எதற்கு எவ்வளவு இடம் கொடுக்கப்பட்டது என்பதும் வரலாற்றை உருவாக்குகிறது. இலங்கையின் பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் இதற்குச் சிறந்த பாடம். அந்தப் பழைய நூலின் 37 அதிகாரங்களில் 11, தமிழ் மன்னன் எல்லாளனைப் போரில் வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனுவுக்கு. 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனுக்கோ ஓர் அதிகாரத்தின் ஒரு பகுதி. அதற்கு முந்திய தீபவம்சம் துட்டகைமுனு கதையைச் சில செய்யுள்களில் முடித்துவிடுகிறது. ஆக, அந்தப் போர் தீவின் தலையாய நிகழ்வாக வளர்ந்தது, நடந்து பல நூற்றாண்டு கழித்து மகாவிகாரைத் துறவி ஒருவர் செய்த தெரிவால். அதே துறவிதான் எல்லாளனின் நீதியையும், அவன் சமாதிக்கு வென்றவன் மரியாதை செய்யப் பணித்ததையும் மறைக்காமல் எழுதினார். தன் நோக்கத்துக்கு இடைஞ்சலான செய்தியை ஒருவர் சொன்னால் அதன் நம்பகம் கூடுகிறது. இது நீதிமன்றத்திலும் செல்லும் விதி, வரலாற்றிலும் செல்லும் விதி.

திகதியே இல்லாத சான்றுகளும் உண்டு. கேகாலைப் பக்கத்துக் கொட்டகமவில் கிடைத்து, இதே நூதனசாலைக்கு வந்த தமிழ்க் கல்வெட்டு யாழ்ப்பாணத்து அரசன் ஆரியச் சக்கரவர்த்தியின் வெற்றியை வெண்பாவில் பாடுகிறது. எந்த ஆண்டு என்று சொல்வதில்லை. எழுத்தின் வடிவத்தை, திகதி தெரிந்த கல்வெட்டுகளின் எழுத்தோடு ஒப்பிட்டுத்தான் காலம் கணிக்கிறார்கள். முதலில் 15ஆம் நூற்றாண்டு என்றார்கள், பின்வந்தவர்கள் 14 என்றார்கள். நூறாண்டு நகர்ந்தால் எந்தப் போர், எந்த மன்னன் என்ற கதை முழுதும் மாறுகிறது.

நூதனசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தேசிய சுவடிகள் திணைக்களம். அங்கே ஒல்லாந்தர் விட்டுப்போன தோம்புகள் இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு காணி, என்ன மரம், வீட்டில் யார் யார், ஒல்லாந்துக் கம்பனிக்கு என்ன ஊழியம் என்ற பதிவேடுகள். வரி வாங்கவும் வேலை வாங்கவும் எழுதியவை. ஆனால் எழுதியவனின் நோக்கத்துக்குள் ஆய்வாளர் அடைபட வேண்டியதில்லை. ஒரு வீட்டில் இருந்தவர்களின் பெயர்களை வரிசையாக வாசித்தால், எந்த வம்சாவளி நூலிலும் வராத பெண்கள், குழந்தைகள், அடிமைகள் தெரிய வருகிறார்கள். நிலம் தாய்வழியாகப் போனதா தந்தைவழியாகப் போனதா என்று கேட்கலாம். மன்னர்களை மட்டும் தேடிய தலைமுறை இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஏடு அப்போதும் அங்கேதான் இருந்தது.

18ஆம் நூற்றாண்டு ஒல்லாந்துக் கையெழுத்தை வாசிக்கப் பழகியவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. தமிழ், சிங்களம், ஒல்லாந்து மூன்றும் தெரிந்து அந்த ஏடுகளுக்கு முன்னால் உட்காரும் மாணவர்கள் நமக்கு வேண்டும். உயர்தரத்தில் வரலாறு எடுக்கும் பிள்ளையிடம் "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்" என்று கேட்கும் பெற்றோருக்கு, கொழும்பு 7இல் காத்திருக்கும் இந்த வேலையைத்தான் நான் காட்டுவேன்.