தேக்கு வைத்திருக்கும் மழைக்கணக்கு

கோவிந்தாபுரம் பக்கத்து மரமில்லில் தேக்குக் கட்டையைக் குறுக்கே அறுத்தால், வெட்டிய முகத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். நடுவில் கருத்த வைரம், ஓரத்தில் வெளுத்த பகுதி, எங்கும் வட்டம் வட்டமாகக் கோடுகள். கோட்டுக்குக் கோடு ஒரு வருஷம்.

எல்லா மரத்திலும் இப்படி இருக்காது. ஈரம் வற்றாத காட்டில் மரம் ஓயாமல் வளர்வதால் வளையம் தெளிவாக விழாது. தேக்கு கோடையில் இலையை உதிர்த்து ஓய்ந்துவிடும். மழை விழுந்து துளிர்க்கும்போது, பட்டைக்குக் கீழே உள்ள வளர்படலம் முதலில் பெரிய நீர்க்குழாய்களை உண்டாக்குகிறது. அப்புறம் போகப்போகக் குழாய்கள் சிறுத்துக் கட்டை இறுகுகிறது. இறுகிய விளிம்பை ஒட்டி மறுவருஷத்துப் பெரிய துளைகள் தொடங்கும் இடம்தான் நாம் பார்க்கும் கோடு.

மழை பெய்தால் வளையம் அகலம், பொய்த்தால் ஒடுக்கம். சரி, ஒரு மரத்தை எண்ணினால் போதுமா? போதாது. பக்கத்து மரம் நிழல் கட்டினாலும், புழு இலையை மொட்டையடித்தாலும் வளையம் ஒடுங்கும். கடும் வறட்சியில் வளையம் விழாமலே போகலாம். மழை இடையில் நின்று மறுபடி பிடித்தால் ஒரே வருஷத்தில் பொய்வளையம் ஒன்று கூடலாம். அதனால் மரத்தைச் சாய்க்காமல், பென்சிலைவிட மெலிந்த குச்சியாகத் துளைத்தெடுத்து, பல மரங்களின் ஒடுங்கிய வருஷங்களைப் பொருத்திப் பார்க்கிறார்கள். காடு முழுக்க ஒரே வருஷத்தில் ஒடுங்கியிருந்தால் அது வானம் செய்த வேலை.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத் தேக்குகளை இப்படிப் பொருத்தி, 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுத் தொடரை அமைத்தார்கள். பசிபிக் கடல் சூடேறி இங்கே பருவமழை மெலியும் எல் நினோ வறட்சிகளின் தடம் அதில் ஒடுங்கிய வளையங்களாகத் தெரிகிறது. நம் பாட்டிமார் சொன்ன தாது வருஷப் பஞ்சமும், 1876-78இல், ஓர் எல் நினோவோடு சேர்ந்து வந்ததுதான்.

அகலத்தைவிட எனக்கு வியப்பு, கட்டைக்குள் இருக்கும் கார்பன்தான். இலைத்துளைகளை மூடித் தண்ணீரைச் சேமிக்கும் மரத்தில், கார்பனிலேயே சற்றுக் கனமான வகையான கார்பன்-13 கொஞ்சம் கூடுதலாகச் சேரும். பொலிவியா, கேமரூன், தாய்லாந்து காடுகளில் 150 ஆண்டு வளையங்களை இப்படி ஆராய்ந்து, வேறு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். காற்றில் கரியமிலவாயு ஏற ஏற, மரங்கள் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்திருக்கின்றன. ஆனால் அதனால் வேகமாகப் பருக்கவில்லை. நாம் விடும் புகையையெல்லாம் காடு தின்று கொழுக்கும் என்று நம்பியிருப்பது சரியல்ல என்றே நான் படிக்கிறேன்.

இந்தக் கணக்கைப் பார்க்கக் கிழட்டு மரம் வேண்டும். தோட்டத் தேக்கை ஐம்பது, அறுபது வருஷத்தில் வெட்டிவிடுகிறார்கள். மில்லுக்கு வரும் கட்டையில் என் அப்பா காலத்து மழைக்கு அப்பால் எண்ண முடிவதில்லை. சேத்துமடை ஏறி, டாப்சிலிப் தாண்டிப் பரம்பிக்குளம் போனால் கன்னிமாரா தேக்கு நிற்கிறது. 450 வருஷத்துக்கு மேல் என்கிறார்கள். தாது வருஷம் அதன் பட்டைக்கு உள்ளே இருக்கிறது.